வில்லுக்கால் செல்வம் நிமிர்ந்த கதை

திருச்செல்வம் என்ற பெயர் அவருடைய அடையாள அட்டையில் மட்டும்தான் இருக்கிறது. பிரிஞ்சாங் என்ற மலையூருக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், போய் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால், எதிரே நிற்பவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓ, வில்லுக்காலா? கடைசி வீடு" என்பார். சொல்கிறவருக்கும் வெட்கமில்லை, காதில் விழுந்தால் செல்வத்துக்கும் கோபமில்லை. சிறு வயதிலிருந்தே வளைந்த கால்கள். இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்து நின்றால் முட்டிகளுக்கு நடுவே ஒரு கோழி தாராளமாகப் போய் வரும். இந்தக் கோழிக் கதையைக் கிளப்பிவிட்டவரே அவர்தான். ஊரார் சிரிப்பதற்கு முன்னால் நாமே சிரித்துவிட்டால் பாதி வலி குறையும் என்பது அவர் கட்சி.

சிரிப்புக்கு மசியாத வலி ஒன்று நாற்பத்து நாலாவது வயதில் வந்து சேர்ந்தது. இடது முட்டியின் உள்பக்கம். மழையில் ஒருநாள் சரிவில் வழுக்கி முட்டி மடங்கியதில் ஆரம்பித்தது. மேடேறும்போது பொறுத்துக்கொள்ளலாம், இறங்கும்போது உள்ளே யாரோ ஆணி வைத்து அடிப்பதுபோல் இருக்கும். தைலம், சூட்டுப் பட்டை, கிளினிக் மாத்திரை என்று நாலு வருடம் ஓட்டினார்.

அவருடைய வேலை ஓட்டுகிற மாதிரி வேலையில்லை. கொழுந்து வெட்டும் மெஷினை இரண்டு பேர் பிடிக்க வேண்டும். தேயிலை நிரைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். நடுவில் கத்தி, பின்னால் நீளமான பை. இன்ஜின் ஒரு பக்கமாக இருப்பதால் அந்தப் பக்கம் கனம் அதிகம். அதைச் செல்வம் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. எதிர்ப்பக்கம் யாசீன். பங்களாதேஷிலிருந்து வந்து ஒன்பது வருடம் ஆகிறது. லயத்துத் தமிழில் லயத்து ஆட்களைவிடச் சுத்தமாகத் திட்டுவான். ஒன்பது வருடமும் செல்வத்தோடுதான் ஜோடி.

அந்த ஜோடிக்கு ராமசாமி கங்காணி வைத்த பெயர் ஆமை ஜோடி. நாலு வருடமாக எடை போடும் இடத்துக்குக் கடைசியாக வந்து சேருவது அவர்கள்தான். கங்காணி வாய்விட்டுக் கேலி செய்வார். செல்வத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். "நான் வலியோட இழுத்துக்கிட்டு வர்றேன், இவன் நல்ல காலை வச்சிக்கிட்டு ஊர்ந்து வர்றான். டேய் ஆமை, எட்டிப் போடுடா!" என்று எல்லார் முன்னாலும் யாசீனைத்தான் ஏசுவார். யாசீன் பல்லைக் காட்டிவிட்டுப் பையைக் கட்டுவான்.

ஒருநாள் நிரைக்கு நடுவிலேயே முட்டி பூட்டிக்கொண்டது. யாசீன் முதுகில் சுமந்து கீழ்ச் சாலைக்குக் கொண்டுவந்தான். தானா ராத்தா ஆஸ்பத்திரியில் படமெடுத்து, மலைக்குக் கீழே ஈப்போ பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார்கள். ஈப்போ போவதென்றால் ஒரு நாள் வேலை. அங்கேதான் நசுருதீன் வந்தார்.

நசுருதீனுக்குத் தானா ராத்தாவில் ரொட்டி சானாய்க் கடை. கடையின் ஓரத்தில் மளிகை, வெற்றிலை பாக்கு. செல்வமும் அவரும் ஒரே பந்துக் குழுவில் உதை வாங்கியவர்கள். செவ்வாய்க்கிழமை தோறும் சாமான் எடுக்க வேனில் ஈப்போ இறங்குவார். "நான் எப்படியும் போறவன். நீ பக்கத்துல உக்காந்து தூங்காம பேசிக்கிட்டு வா, அது போதும்" என்றார். அதன்பிறகு செல்வத்தின் ஆஸ்பத்திரித் தேதிகளெல்லாம் எப்படியோ செவ்வாய்க்கிழமையாகவே அமைந்தன. நசுருதீனே கவுண்டரில் போய் நின்று கெஞ்சி வாங்கிய செவ்வாய்க்கிழமைகள் அவை என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

எலும்பு டாக்டர் ஹஸ்லினா, நாற்பது வயதிருக்கும் மலாய்க்காரப் பெண். செல்வத்தை நிற்கவைத்து, இடுப்பிலிருந்து கணுக்கால்வரை ஒரே நீளப் படமாக எடுக்கச் சொன்னார். திரையில் அந்தப் படத்தின்மேல் ஒரு கோடு இழுத்தார். இடுப்பு மூட்டில் தொடங்கிக் கணுக்காலில் முடிந்த கோடு முட்டிக்கு நடுவே போகாமல் உள்விளிம்பு வழியாகப் போயிற்று.

"உங்க உடம்பு எடை முழுக்க இந்த ஓரத்துல இறங்குது, என்சிக் செல்வம். உள்பக்கம் மெத்தை தேஞ்சு போச்சு. வெளிப்பக்கம் புதுசு மாதிரி இருக்கு" என்று, பெயருக்கு முன்னால் மரியாதைக்கு 'என்சிக்' சேர்த்து, மலாயில் சொன்னார்.

"முட்டியை மாத்திடுவாங்கன்னு சொன்னாங்களே டாக்டர்?"

"உங்க வயசுக்கும் வேலைக்கும் அது இப்ப வேணாம். இரும்பு முட்டி வச்சா, மலையில நடந்து அதையும் தேய்ச்சிடுவீங்க. உங்க முட்டி உங்ககிட்டயே இருக்கட்டும். காலை நேராக்கிடலாம்."

முட்டிக்குக் கீழே, கணைக்கால் எலும்பை உள்பக்கமிருந்து வெட்டுவார்களாம். முழுக்க வெட்டாமல், வெளிப்பக்கம் கொஞ்சம் ஒட்டவிட்டு, வெட்டிய இடத்தை மெல்ல விரிப்பார்களாம். விரிந்த அளவுக்குக் கால் நேராகும். விரிந்தது மூடிக்கொள்ளாமல் தகடு வைத்து ஆணி முடுக்குவார்கள். இடைவெளியில் நாளாக ஆக எலும்பு தானே வளர்ந்து நிரப்பிக்கொள்ளும். அதன்பிறகு எடை தேயாத பக்கத்துக்கு மாறிவிடும்.

செல்வத்துக்கு உடனே புரிந்தது. லயத்தில் எல்லா வீட்டுத் தரையும் சரிவு. எல்லா வீட்டு அலமாரிக்கும் ஒரு பக்கக் காலுக்கடியில் மரத்துண்டு வைத்திருப்பார்கள். "ஆப்பு வைக்கிறீங்க, அவ்வளவுதானே" என்றார். கூட வந்திருந்த நசுருதீன் அதை மலாயில் சொல்ல, டாக்டர் வாய்விட்டுச் சிரித்து, "ஆமாம், ஆனா இந்த ஆப்பை உங்க உடம்புதான் செய்யணும்" என்றார்.

பிறகு கேள்விகள். சர்க்கரை? இல்லை. சிகரெட்?

இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர்போல் செல்வம் நெஞ்சை நிமிர்த்தினார். மகள் சீதா கைக்குழந்தையாக இருந்தபோது இழுப்பு வந்து அவதிப்பட்டாள். அன்றைக்குத் தூக்கிப் போட்ட சிகரெட் பெட்டியைப் பதினாறு வருடமாகத் தொடவில்லை. மனைவி சசிரேகா லயம் முழுக்க இன்றைக்கும் சொல்லிப் பெருமைப்படும் விஷயம் அது. "பதினாறு வருஷம் ஆச்சு டாக்டர். ஒண்ணுகூட இல்ல!"

"ரொம்ப நல்லது. சிகரெட் பிடிச்சா எலும்பு சேராது. வேற பழக்கம் ஏதாவது?"

செல்வம் மனசாட்சியோடு யோசித்துப் பார்த்தார். "தீபாவளிக்கு ரெண்டு பீர்."

டாக்டர் எழுதிக்கொண்டார். சட்டைப்பையில் இருந்த தகர டப்பா செல்வத்தின் நினைவுக்கு வரவேயில்லை. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு கிள்ளு புகையிலை. சிகரெட்டை விட்ட அன்றைக்குப் பிடித்தது. குளிருக்கு அது, பசிக்கு அது, அட்டை கடிக்காமல் இருக்கக் காலுறைக்குள் தூவுவதும் அதுதான். கோவில் தாம்பூலத்தில் இருப்பதும் கல்யாணத்தில் கொடுப்பதும் வெற்றிலை. அதைப் பழக்கம் என்று யார் சொல்வார்? டாக்டர் முன்னால் வாய் சிவக்க உட்காருவது மரியாதையில்லை என்று, மலை இறங்கியதும் பெட்ரோல் போடும் எண்ணெய் ஸ்டேசனில் வேனை நிறுத்தச் சொல்லி, பல் தேய்த்து, வாய் கொப்பளித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குள் போவார். அந்த மரியாதைதான் வினையாகப் போயிற்று.

தைப்பூசம் முடிந்த பதினைந்தாம் நாள் ஆப்பரேஷன் நடந்தது. கண் விழித்ததும் செல்வம் போர்வையை விலக்கித் தன் காலைப் பார்த்தார். கட்டுக்குள் இருந்தாலும் அது நேராக இருந்தது. நாற்பத்தெட்டு வருடமாகப் பார்த்த கால் அது இல்லை. பக்கத்துக் கட்டில்காரர் வலிக்கிறதா என்று கேட்குமளவுக்கு அழுதார்.

வீட்டுக்கு வந்தபோது இரண்டு கக்கத்திலும் ஊன்றுகோல். மேனேஜர் துரை நேரில் வந்து பார்த்தார். நல்ல மனிதர்தான், ஆனால் கம்பெனிச் சட்டத்தை அவர் எழுதவில்லை. "ஆகஸ்ட் கடைசி வரைக்கும் உங்க இடத்தை வச்சிருக்கேன், செல்வம். அதுக்குமேல என் கையில இல்ல. மலைக்கு வர முடியலன்னா வீட்டையும் ஒப்படைக்க வேண்டியிருக்கும். இங்க உக்காந்து செய்ற வேலைன்னு ஒண்ணு இல்லாம போச்சு, உங்களுக்கே தெரியும்" என்றார். சீதாவுக்கு அந்த வருடக் கடைசியில் எஸ்பிஎம், பள்ளியின் கடைசிப் பரீட்சை. வீடு போனால் பரீட்சை எந்த ஊரிலிருந்து எழுதுவாள்? ஆகவே எல்லாம் அந்த வெட்டிய எலும்பின் தலையில் வந்து விழுந்தது. ஆகஸ்டுக்குள் அது சேர வேண்டும்.

லயத்து ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. இப்படிப்பட்ட ஜனங்கள் நடுவில் காலை உடைத்துக்கொள்ளவும் கொடுத்து வைத்திருக்க வேண்டும். தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்கள். கழிவறைப் படியில் கைப்பிடிக் குழாய் அடித்துக் கொடுத்தார்கள். பார்க்க வந்த ஒவ்வொருவரும் வெறுங்கையோடு வரக்கூடாது என்று ஆளுக்கொரு பொட்டலம் வெற்றிலை புகையிலை கொண்டுவந்தார்கள். செல்வத்துக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாதவர்களா? நசுருதீனின் மனைவி பீவி, "பாவம், நாள் முழுக்க உக்காந்தே கெடக்காரு" என்று நல்ல புகையிலையாகப் பார்த்து எடுத்து, காய்ந்துபோகாமல் வாழையிலையில் சுற்றி அனுப்பினார். மலையில் ஒரு நாளைக்கு நாலைந்து தடவை போட்டவர், வேலையில்லாமல் உட்கார்ந்த இடத்தில் பதினைந்து தடவை போட்டார். ஊரே சேர்ந்து அன்பாக அந்த எலும்பைச் சேரவிடாமல் செய்துகொண்டிருந்தது. ஒருவருக்கும் தெரியாது.

மே மாதத்தில் மூன்றாவது படத்துக்குத் தேதி. பள்ளி விடுமுறை வேறு. கியா பார்மில் ஸ்ட்ராபெரி வாங்க வந்த கார்கள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. அதைத் தாண்டி வந்தால் கோலா தெர்லாவில் ஒரு முட்டைக்கோசு லோரி குறுக்கே சாய்ந்து கிடந்தது. மலை இறங்கும்போதே பத்தரை.

"பாய், எண்ணெய் ஸ்டேசன்ல நிப்பாட்டுங்க லா. வாய் கழுவணும்."

"வாய் கழுவுற நேரமா இது? நம்பர் போயிடும்பா! மூடிக்கிட்டு உக்காரு, யார் பாக்கப் போறா?"

டாக்டர் ஹஸ்லினா பார்த்தார். ஆனால் முதலில் படத்தைத்தான் பார்த்தார். வெள்ளை எலும்புக்கு நடுவே அந்த இடைவெளி கறுப்பாகவே இருந்தது. ஓரத்தில் மட்டும் லேசாகப் புகை படிந்தாற்போல் ஒரு வெளுப்பு. மூன்று மாதத்தில் இவ்வளவுதானா என்று அவர் நெற்றியைச் சுருக்கினார்.

"காலை ரொம்ப ஊன்றீங்களா? மாத்திரை சாப்பிடுறீங்களா? மறுபடியும் சிகரெட்?"

செல்வம் மாத்திரைக்கு மட்டும் ஆமென்றும் மற்றதற்கு இல்லையென்றும் சொன்னார். பேசும்போது வாயைக் கையால் மூடிக்கொண்டார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "வாயில என்ன?" என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பையனாட்டம் செல்வம் சட்டைப்பையிலிருந்து டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். டாக்டர் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"இது சிகரெட் இல்ல டாக்டர்" என்றார் செல்வம், பரிதாபமாக.

"சிகரெட்ல எது எலும்பைச் சேரவிடாதோ அது இதுலயும் இருக்கு. ஒரு நாளைக்கு எத்தனை?"

செல்வம் சொன்னார். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நானும் தெளிவா கேட்டிருக்கணும்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் படத்தைப் பார்த்தார். "இன்னையோட நிறுத்துங்க. ஆகஸ்ட்ல பாப்போம். அப்பவும் சேரலன்னா இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வச்சு இன்னொரு ஆப்பரேஷன். அப்புறம் ஆறு மாசம்."

ஆறு மாதம் என்றால் வீடு இல்லை. திரும்பி வரும் வழியில் எண்ணெய் ஸ்டேசனில் நசுருதீன் தானாகவே வேனை நிறுத்தினார். ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, "நான்தான்டா உனக்கு வித்தேன். வித்தது பத்தாதுன்னு சும்மாவும் கொடுத்தனுப்பினேன்" என்றார். செல்வம் வேனைவிட்டு இறங்கி, டப்பாவைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, கடைசித் தடவையாக அங்கே வாய் கழுவினார்.

விடுவது ஒன்று, வருகிறதை மறுப்பது வேறு. வீடு தேடி வந்தவர் வெற்றிலை நீட்டினால் வேண்டாம் என்று சொல்வது முகத்திலடித்த மாதிரி. அதற்கும் நசுருதீன் வழி செய்தார். மறுநாள் காலையிலிருந்து கடையில் யார் வந்து புகையிலை கேட்டாலும், "யாருக்கு?" என்று விசாரணை. வில்லுக்காலுக்கு என்றால் கிடையாது. எலும்பு வளர முள்ளோடு சாப்பிடும் சின்ன மீன் நல்லது என்று டாக்டர் எப்போதோ சொல்லியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு, "இதைக் கொண்டுபோய்க் கொடு" என்று நெத்திலிக் கருவாட்டைப் பொட்டலம் கட்டினார். ஒரே வாரத்தில் லயம் முழுக்க அன்பு நெத்திலிக்கு மாறிவிட்டது. சசிரேகா நெத்திலிக் குழம்பு, நெத்திலிச் சம்பல், நெத்திலி போட்ட கஞ்சி என்று மாற்றி மாற்றிச் செய்தாள். கடைசி வீட்டுப் பக்கம் பூனைகள் குடியேறின. "அப்பா, என் பள்ளிக்கூட யூனிபார்ம்கூட மணக்குது" என்று சீதா தலையில் அடித்துக்கொண்டாள்.

இவ்வளவு இருந்தும் நாக்கு விடவில்லை. செல்வம் நல்ல மனிதர் என்று சொல்லிக்கொண்டு வருகிறேன். ஜூன் மாதத்தில் அவர் நல்ல மனிதராக இல்லை. கிராம்பைக் கடித்துத் துப்புவார், சோற்றுத் தட்டைத் தள்ளுவார், சசிரேகா மூச்சுவிட்டாலும் சத்தம் போடுவார். அவள் எழுந்துபோவாள்.

ஒருநாள் மதியம் சீதா பள்ளியிலிருந்து வந்து, "அப்பா, யாசீன் அண்ணனும் சுப்பன் அண்ணனும் இந்த வாரம் முழுக்க எடைக்கு முதல்ல வந்தாங்களாம். கங்காணி சொல்றாரு" என்றாள். செல்வம் இல்லாத இடத்தில் யாசீனுக்கு ஜோடியாகப் போட்டிருந்த ஆள் சுப்பன். ஒன்பது வருடம் தன்னோடு ஊர்ந்தவன் சுப்பனோடு ஓடுகிறானா? தான் இல்லாமலேயே மலை நன்றாக நடக்கிறது. தனக்காக ஆகஸ்ட் வரை யார் காத்திருக்கிறார்கள்?

அந்த எரிச்சலில்தான் பூட்ஸ் ஞாபகம் வந்தது. மலைக்குப் போடும் ரப்பர் பூட்ஸ். அதற்குள் கிடக்கும் காலுறையில் அட்டைக்காகத் தூவிய புகையிலை கொஞ்சமாவது ஒட்டிக்கொண்டிருக்கும். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். வெட்கத்தை விட்டுத்தான் போனார்.

பூட்ஸ் இரண்டும் கழுவித் துடைத்துச் சுவரோரம் வைத்திருந்தது. கையை உள்ளே விட்டார். பனியில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கச் செய்தித்தாள் சுருட்டித் திணித்திருந்தது. எடுத்துப் பிரித்தால் அந்த வாரத்துப் பேப்பர். பிப்ரவரியிலிருந்து காலில் போடாத பூட்ஸுக்கு அந்த வாரத்துப் பேப்பர் எப்படி வரும்? வாரா வாரம் சசிரேகா பழையதை எடுத்துவிட்டுப் புதியதைத் திணித்து வந்திருக்கிறாள். காலுறைகள் துவைத்து மடித்து உள்ளே இருந்தன. ஒரு துகள் புகையிலை இல்லை. அவர் மலைக்குத் திரும்புவார் என்று, அவர் சத்தம் போட்ட வாரத்திலும்கூட, அவள் வாய் திறந்து சொல்லாமல் செய்துகொண்டிருந்தாள்.

செல்வம் அந்தப் பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அடியைத் திருப்பிப் பார்த்தார். இடது குதிகாலின் வெளிவிளிம்பு துணி தெரியுமளவுக்குத் தேய்ந்திருந்தது. சசிரேகா வந்து பார்த்தபோது அழுதுகொண்டிருந்தார். "ரேகா, என்னை மன்னிச்சிடும்மா" என்றார். "எந்திரிங்க, குளிருது. நெத்திலிக் கஞ்சி சூடா இருக்கு" என்றாள் அவள். அன்றோடு நாக்கு அடங்கிவிட்டது என்று சொன்னால் பொய்; ஆனால் அன்றோடு அவர் தேடுவதை நிறுத்தினார்.

ஆகஸ்ட் இரண்டாவது செவ்வாய்க்கிழமை. டாக்டர் ஹஸ்லினா படத்தைத் திரையில் போட்டுவிட்டு நாற்காலியை நகர்த்தி இடம்விட்டார். கறுப்பாக இருந்த இடைவெளியில் வெள்ளை நிரம்பியிருந்தது. "உங்க உடம்பு ஆப்பு செஞ்சிடுச்சு, என்சிக் செல்வம்" என்றார். நசுருதீன் இரண்டு கையையும் ஏந்தி 'அல்ஹம்துலில்லா' என்றார். செல்வம் டாக்டரைப் பார்த்துக் கும்பிட்டார், நர்சைக் கும்பிட்டார், படமெடுத்த ஆளையும் தேடிப்போய்க் கும்பிட்டார். கையோடு ஒரு பை நெத்திலி கொண்டுபோயிருந்தார். டாக்டர் மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

ஒரு மாதத்துக்கு இன்ஜின் பக்கம் பிடிக்கக்கூடாது, லேசான பக்கம் பிடிக்கலாம் என்று கடிதம் கொடுத்தார்கள். துரை அதற்குச் சரி என்றார். ஆகஸ்ட் முப்பதாம் தேதி காலை, பனி இன்னும் விலகாத நேரத்தில், செல்வம், கோணலாகத் தேய்ந்த பழையது நேரான காலுக்கு ஆகாது என்று, புதுப் பூட்ஸ் போட்டுக்கொண்டு மலை ஏறினார். நிரைத் தலைப்பில் யாசீன் மெஷினோடு நின்றிருந்தான். சுப்பன் சிரித்துக்கொண்டே விலகிப்போனான்.

"அண்ணே, கால நேரா வச்சி நில்லுங்க, கோழி போகுதான்னு பாப்போம்."

"போகாதுடா. ஒரு கால்தானே நிமிர்ந்திருக்கு, போனா பாதிக் கோழிதான்."

மெஷினைப் பிடித்தார்கள். யாசீன் பழைய மாதிரியே ஆற அமர நடந்தான். பாதி நிரை போனதும் செல்வத்துக்கு ஆச்சரியமாக இருந்தது. முட்டியில் ஆணி இல்லை. சதை வலித்தது, மூச்சு வாங்கியது, ஆனால் அந்த ஆணி இல்லை. "கொஞ்சம் எட்டிப் போடுடா" என்றார். யாசீன் திரும்பி அவர் காலைப் பார்த்தான்; பிறகு எட்டிப் போட்டான். "இன்னும்" என்றார். இன்னும் வேகமாகப் போனான். மெஷின் செல்வத்தின் கையை இழுத்துக்கொண்டு போயிற்று. கனமான இன்ஜின் பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, சரிவில், ஒரு தடவைகூடக் கால் இடறாமல் அவன் நடந்தான். நேரான காலோடு லேசான பக்கத்தைப் பிடித்த செல்வத்தால் அவனுக்கு ஈடு கொடுக்க முடியவில்லை.

நிரை முடிவில் மெஷினை நிறுத்தினார்கள். செல்வம் மூச்சு வாங்கிக்கொண்டே அவனைப் பார்த்தார். நாலு வருடமாக எல்லார் முன்னாலும் ஆமை என்று ஏசிய ஆள்.

"நீ இப்படித்தான் நடப்பியா?"

யாசீன் பையை அவிழ்த்தான்.

"என் காலுக்காகவாடா மெதுவா நடந்தே? நாலு வருஷமுமா?"

"அண்ணே, நா வேகமா போனா உங்களால முடியலங்கறது எல்லாருக்கும் தெரிஞ்சிடும். கங்காணி உங்கள மலைய விட்டு எடுத்துடுவாரு. மலை போனா வீடு போகும். சீதா சின்னப் புள்ள லா."

"ஏண்டா சொல்லல?"

"சொன்னா நீங்க ஜோடி மாத்திக்குவீங்க."

எடை குறைந்தால் அவனுக்கும்தானே கூலி குறையும். ஊரில் பணம் எதிர்பார்த்து நாலு பேர் இருக்கிறார்கள். அதையும் விட்டுக்கொடுத்து, ஏச்சும் வாங்கிக்கொண்டு, நாலு வருடம் அந்தக் கடைசி வீட்டைத் தன் கால்களில் தாங்கியிருக்கிறான். டாக்டரைக் கும்பிட்டார், நர்சைக் கும்பிட்டார்; முதலில் கும்பிட வேண்டியவனை விட்டுவிட்டார். செல்வம் தேயிலைச் செடிமேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். பையின் ஒரு முனையை அவரே எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். மறுமுனையை யாசீன் எடுத்தான்.

எடை போடும் இடத்துக்கு அன்றைக்கு அவர்களுக்கு முன்னால் யாரும் வந்திருக்கவில்லை. ராமசாமி கங்காணி தராசிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"என்னப்பா இது அதிசயம்! ஆமை முதல்ல வந்துருச்சு!"

"ஆமை நான்தான் கங்காணி" என்றார் செல்வம். "நாலு வருஷமா நான்தான்."